கச்சேரிக்கு வந்தால் காது கொடுக்க வேண்டாமா?

வீணை_சாட்ஸ்வர்த்:
போன சனிக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் வீணை வாசித்தேன். காம்போதி ஆலாபனை, மெல்ல மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், முன்வரிசையில் ஒருவர் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் கையைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். வீணையில் தந்திக்குக் கீழே இருக்கிற பித்தளை மெட்டு ஒன்றிலேயே விரலை வைத்துத் தந்தியை இழுத்தே இரண்டு மூன்று ஸ்வரம் வரவைப்போம், ஆனால் மீட்டிய ஒலி தேய்ந்துகொண்டே போகிற நேரத்தில்தான் அந்தக் கமகம் வரும். யாராவது காது கொடுத்தால்தான் அது இருக்கிறது. அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போய் ஆலாபனையைப் பாதியில் சுருக்கிவிட்டேன். வந்தவர்களுக்கு என்ன நஷ்டம் என்று அவர்களுக்கே தெரியாது. கச்சேரி நேரத்தில் போனை அணைத்து வைக்கச் சொல்வது தப்பா?

மைக்செட்_ஃபீனிக்ஸ்:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நீங்கள் வாசித்தது கோயிலில். கோயிலில் இசை என்றைக்கு அமைதியில் நடந்தது? நாதஸ்வரம் வாசிக்கும்போது ஒரு பக்கம் அன்னதானம், ஒரு பக்கம் பிள்ளைகள் ஓட்டம். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய நம் ஆட்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய தெருக்கூத்து போட்டார்கள், இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று சொல்வோமே, அதுதான். அங்கே யாரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவில்லை. இருட்டு மண்டபம், இருமக்கூடாது, அசையக்கூடாது என்பதெல்லாம் ஐரோப்பாவிலேயே 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய பழக்கம். ஜெர்மன் ஆபரா இசையமைப்பாளர் வாக்னர் 1876இல் பைரோய்ட்டில், தன் இசை நாடக அரங்கில், விளக்கை அணைத்தாரே, அந்த வழியில் வந்தது. அதற்கு முன்னால் ஆபரா பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். நமக்கு எதற்கு அந்தச் சட்டம்?

வீணை_சாட்ஸ்வர்த்:
தம்பி, நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே செய்த வாத்தியம், நாலு தெரு தள்ளிக் கேட்கும். வீணை ஒரு அறைக்குள் கேட்கிற வாத்தியம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கூத்து விஷயம் நான் என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். தூங்குகிற பிள்ளையைக் கதையின் முக்கியக் கட்டம் வந்ததும் தட்டி எழுப்பிவிடுவார்களாம். எப்போது எழுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே, அதைத்தான் நான் கவனம் என்கிறேன்.

தனி_ஆவர்த்தனம்:
நான் மிருதங்கம். எனக்கு அமைதிகூட வேண்டாம், தாளம் போடுங்கள், போதும். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பித்ததும் எழுந்து போகிற பழக்கம் சென்னை சபாக்களிலேயே உண்டு, கேன்டீனுக்குப் போக அதுதான் நேரம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான், தேநீர்ப் பக்கம் கூட்டம். கோர்வையை, அதாவது முடிவுக்கான தாளக் கோப்பை, மூன்று தடவை வைத்து, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், கையில் தாளம் வைத்திருக்கிறவனுக்கு அந்த இடத்தில் உடம்பே ஒரு குலுக்கு குலுக்கும். தாளம் போடாதவனுக்கு அது வெறும் சத்தம். சென்ற வருடம் மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி, எட்டு வயதிருக்கும், ஆதி தாளத்தில் விரல் எண்ணிக்கை தப்பித் தப்பி மறுபடி பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு கோர்வையை விளம்பத்தில், மெதுவாக, வைத்தேன். கூட இருந்தவர்கள் முறைத்தார்கள், பரவாயில்லை.

அப்புறம் படம் பிடிப்பது பற்றி. லிண்டா ஹென்கல் என்ற உளவியல் ஆய்வாளர் அமெரிக்காவில் மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்தில் சுற்றவிட்டுப் பார்த்தார். படம் எடுத்த பொருள்களை, வெறுமனே பார்த்த பொருள்களைவிடக் குறைவாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

மைக்செட்_ஃபீனிக்ஸ்:
அண்ணா, அதே ஆய்வில் ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்துப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை, அதையும் சொல்லுங்கள். போன் கையில் இருந்தாலே கவனம் போய்விட்டது என்று ஆகாது.

2023இல் லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்கிற மின்வெட்டு, நாளுக்கு மூன்று நாலு தடவை வந்துகொண்டிருந்ததே, அப்போது ஒரு கச்சேரியில் நான் மிக்ஸரில் இருந்தேன். பாட்டு நடுவில் கரண்ட் போச்சு. பாடிய அம்மா நிறுத்தவில்லை. பின்வரிசைக்காரர்கள் நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, தரையில் இழுக்காமல், முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பது ஐம்பது போன் விளக்கு மேடையைப் பார்த்து. ஸ்பீக்கர் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்டது. அக்கா, அது கவனம் இல்லையா?

வீணை_சாட்ஸ்வர்த்:
கவனம்தான், தம்பி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த விளக்கு மேடைக்குப் போனது, யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சரி, இப்படிச் செய்யலாமா? மிக்ஸர் பக்கத்தில் நீங்களே ஒரு கேமரா வைத்து முழுக் கச்சேரியையும் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். மற்றவர்கள் போனை உள்ளே வைக்கட்டும்.

மைக்செட்_ஃபீனிக்ஸ்:
கேமரா வைக்கிறேன், ஒலியும் நேராக மிக்ஸரிலிருந்து எடுத்துத் தருகிறேன், போனில் பிடிப்பதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். ஆனால் இங்கே டர்பனிலேயே மெரிபேங்க் பகுதியில் படுக்கையில் இருக்கிற என் பாட்டிக்கு மறுநாள் அனுப்புவது வேறு, அந்த நேரத்திலேயே காட்டுவது வேறு. அவர் அந்தப் பக்கம் தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறார். அவருக்கு மட்டும் ஒரு போன் ஓரமாக இருக்கும், அதை அணைக்க மாட்டேன்.

தனி_ஆவர்த்தனம்:
தாளம் போடுகிறாரா? அப்படியானால் அந்தப் போனை என் பக்கம் வையுங்கள்.