மறு: கிராஃபிட்டி, டேக் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'சுவர்க்கிறுக்கல்' என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனாலும் சுவரில் ஸ்பிரே கொண்டு வரையும், எழுதும் கிராஃபிட்டிக்கு அது வேண்டாம். நாம் வசனவரி எழுதும் ஆவணப்படம் ஜேஸ் என்ற ஓவியரின் வாழ்க்கை. 1992 முதல், நாங்கள் வாழும் பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான ரீயூனியன் தீவின் சுவர்களில் அவர் குஸூ என்ற உருவத்தை வரைந்து வருகிறார். கண், மூக்கு, வாய் எதுவும் அதற்கு இல்லை. குறும்பு செய்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்பது உடம்பின் வளைவிலேயே தெரிந்துவிடும். அதன் கீழே 'கிறுக்கல்' என்று ஓடினால், அவர் வாய் திறக்கும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிட்டதாக ஆகும்.

> கீழடிப் பானை ஓட்டில் இருப்பதைக் 'கீறல்' என்கிறோமே?

அருமையான யோசனை. இத்தாலிய வேருக்கும் கீறுதல் என்றுதான் பொருள். ஆனால் தொல்லியலில் வேரூன்றிய சொல் அங்கேயே இருக்கட்டும். ஸ்பிரே டப்பா எதையும் கீறுவதில்லை. 'சுவரெழுத்து' என்றால் தமிழ்நாட்டில் கட்சிக்காரர்கள் தேர்தலுக்குச் சுவர் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். அதோடு, குஸூ எழுத்தே இல்லை.

இங்கே நடப்பில் உள்ள பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தையும் பாருங்கள். அனுமதியின்றிச் சுவரில் எழுதுவது, குறியிடுவது, வரைவது என மூன்றையும் பிரித்தே சொல்கிறது. சேதம் சிறிது என்றாலும் அபராதம், கூடவே சமூகப் பணி. சட்டமே பிரிக்கும்போது நாம் ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை.

அதனால் கலைக்குப் பொதுப்பெயராக 'கிராஃபிட்டி' இருக்கட்டும். கேட்டு வாங்கி வரைந்த பெரிய சுவருக்குச் 'சுவரோவியம்' போதும். 'டேக்' மட்டும் தனி. தன் புனைபெயரை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அது. அதற்குச் 'சுவரொப்பம்' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது க்ரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இத்தீவின் மொழி. தமிழ் வகுப்பில் படித்த சுவர், கையொப்பம் இரண்டும் தெரிந்தால் போதும், சொல் பிடிபட்டுவிடும். வினையாகவும் சிரமமின்றி வருகிறது: 'ராத்திரி முழுக்கச் சுவரொப்பமிட்டோம்.' அப்புறம், வரி திரையில் இரண்டு மூன்று நொடிதான் நிற்கும். இரண்டாம் முறையிலிருந்து 'ஒப்பம்' என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

> ஒப்பம் என்றால் சம்மதம் என்றும் பொருள்படுமே, அம்மா?

படும், தம்பி. அனுமதியில்லாத ஒன்றுக்கு இப்பெயர் பொருந்துமா என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் 'சுவர்' முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் எழுவதாக எனக்குத் தோன்றவில்லை. சுருக்கும் இடங்களில் எழுந்தால், அங்கே முழுச் சொல்லையே போடுவோம்.

முதல் பத்து நிமிடத்துக்கு இப்படியே எழுதி அனுப்புகிறேன். உறுத்தும் வரியைக் குறித்துக்காட்டுங்கள்.