ஜப்பானியக் காடையை அடைக்கு உட்கார வைக்க முடியுமா?

கேள்வி (ராசிபுரம் வாசகி):
வணக்கம். கொல்லையில் ஓர் ஆண் காடையும் ஐந்து பேடைகளும் வளர்க்கிறேன். நாமக்கல்லில் வாங்கிய ஜப்பானியக் காடைகள். பிற்பகலில் முட்டையிடுகின்றன, ஆனால் எந்தப் பேடையும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போகிற போக்கில் இட்டுவிட்டு அதன்மேலேயே மிதித்து நடக்கிறது. எங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் வாங்கத் தயக்கமாக இருக்கிறது. தாயே அடைகாத்துக் குஞ்சு வளர்க்க வழியுண்டா? இப்போது இருப்பது கம்பிவலைத் தரையுள்ள கூண்டு.

பதில் (தம்மம்பட்டி):
அக்கா, காடை உட்காரும் என்று காத்திருக்காதீர்கள். சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு வந்திருந்தால் அதன் அடியில் வையுங்கள். பெரிய உடம்புள்ள பெருவிடை நாட்டுக்கோழி வேண்டாம், அதன் கனத்துக்குப் பத்து கிராம் முட்டை தாங்காது. கோழி முட்டையையும் சேர்த்து வைக்காதீர்கள். காடைக்குஞ்சு 17, 18 நாளில் வந்துவிடும், கோழிக்குஞ்சுக்கு 21 நாள். முதலில் பொரிந்த குஞ்சுகளோடு கோழி எழுந்துவிட்டால் மீதி முட்டை வீண்.

பதில் (சத்தியமங்கலம்):
தம்பி சொன்ன சிறுவிடை வழி நல்ல வழி. ஆனால் சகோதரி கேட்டது காடையே தாயாவதைப் பற்றி. அதற்கு இடமிருக்கிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த இனம் 1974-இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நிறைய முட்டையிடும் பேடைகளைத்தான் மனிதர்கள் பொறுக்கி வளர்த்தார்கள். அடைக்கு உட்காரும் பேடை முட்டையை நிறுத்திவிடும் என்பதால் அந்தக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை ஒதுக்கப்பட்டது. குறைந்துபோனதே தவிர, முற்றாக அற்றுப்போகவில்லை. கம்பித் தரையில் அது தலைகாட்டவே வழியில்லை. உட்காரக் குழி இல்லை, ஒளிந்துகொள்ள மறைவில்லை, இட்ட முட்டையும் அன்றே கைக்குப் போய்விடுகிறது. அந்தப் பேடை எதை அடைகாக்கும்?

முதலில் அவற்றை மண்தரைக்கு இறக்குங்கள். ஒரு கட்டில் அளவு இடம் போதும். மூலையில் உயரமான புல்லை நட்டுவிடுங்கள், அல்லது வைக்கோலைச் சாய்வாக நிறுத்துங்கள். முட்டைக்காக இரவில் விளக்குப் போடுகிறவர்களாக இருந்தால் அதை நிறுத்துங்கள். நீண்ட வெளிச்சம் பேடையை இட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும். மறைவில் கிடக்கும் முட்டைகளை எடுக்காமல் சேரவிடுங்கள்.

அடைக்கு வந்த பேடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றவை ஆளைக் கண்டதும் ஓடும், இது வைக்கோலுக்கடியில் இறகை விரித்துத் தட்டையாகப் படுத்திருக்கும். எங்களுடையது பக்கத்தில் எட்டிய புல் ஒவ்வொன்றாக அலகால் இழுத்து முதுகின்மேல் போட்டுக்கொண்டது. கையை நீட்டினால் சிறகை உப்பி, தொண்டைக்குள்ளேயே முனகியது. அந்த நிலையில் அதைத் தூக்கவோ முட்டையைத் தொட்டுப் பார்க்கவோ கூடாது. ஆண் காடையைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். அடைகாப்பதில் அதற்குப் பங்கில்லை, ஓயாமல் பேடையைத் துரத்தும், குஞ்சையும் கொத்தலாம்.

ஒன்றும் உட்காராமல் போனாலும் இன்னொரு வழி இருக்கிறது. பிரான்ஸில் ரென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் காடைகளிடம் செய்து பார்த்தது இது. அடைகாக்காத பேடையையும் ஒருநாள் வயதுக் குஞ்சுகளையும் சிறிய இருட்டுப் பெட்டியில் ஓர் இரவு சேர்த்து விடுகிறார்கள். குளிருக்குக் குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் நுழைகின்றன. பல பேடைகள் விடிவதற்குள் தாயாகிவிடுகின்றன. சில பேடைகள் கொத்தும். ஆகவே முதல் அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்று காது கொடுங்கள். குஞ்சு கீச்சிட்டு அலறினால் உடனே எடுத்துவிட்டு வேறு பேடையிடம் விட்டுப் பாருங்கள். முட்டையை இன்குபேட்டர் உள்ள யாரிடமாவது கொடுத்துப் பொரித்து வாங்கிக்கொள்ளலாம்.

தாய் ஏற்ற குஞ்சுக்கு விளக்குச்சூடு தேவைப்படாது. தாய் சிறகை லேசாகத் தூக்கி ஒரு சிறு குரல் கொடுக்கும், சிதறி மேய்ந்தவை அத்தனையும் ஓடிவந்து அடியில் மறையும். அதைப் பார்த்த பிறகு குண்டுபல்புக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கும் குஞ்சுகளைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. மண்தரைக்கு மாற்றுகிறேன். குஞ்சு வந்தால் தண்ணீருக்கும் தீனிக்கும் என்ன செய்வது?

பதில் (சத்தியமங்கலம்):
காடைக்குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அரை அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். ஜாடி மூடியில் கூழாங்கற்களை நிரப்பி, கற்களின் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மிக்சியில் குருணையாக உடைத்துப் போடுங்கள். கறையான் கிடைத்தால் இன்னும் நல்லது. அடைப்பின் அடிப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை கட்டாயம் வேண்டும். சாதாரணக் கோழிவலையின் கண்ணில் இவை சர்வசாதாரணமாக வெளியே போய்விடும், தாயால் பின்னால் போக முடியாது. இரவில் எறும்பு வருகிறதா என்றும் பாருங்கள் சகோதரி, பொரிக்கும் நாளில் ஓடு கீறிய முட்டையைத்தான் அவை முதலில் தேடி வரும்.