ஸ்டீயரிங் உங்கள் கையோடு பேசுகிறதா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

ஆழியாறு ரோடு:

புது கார் எடுத்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் முதலில் சொல்வது, "ஸ்டீயரிங் ஒரு விரலில் திரும்புது" என்பதைத்தான். எனக்கோ அதில்தான் பெரிய மனக்குறை. இங்கே பலவிதமான வண்டி ஓட்டியவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது மாருதி 800. பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் தோளைக் கொடுக்க வேண்டும். வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் அப்புறம் லேசுதான். அந்த லேசுக்குள்ளேயே எல்லாம் தெரியும். ரோட்டோரம் மணல் கிடக்கிறதா, முன் டயரில் எதிலாவது காற்று குறைவா என்று கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் சில வளைவுகளில் சேறும் சருகும் அப்பிக் கிடக்கும். பழைய வண்டியில் அதன் மேல் ஏறியதும், கையை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்டீயரிங் சட்டென்று தளரும். கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிடும். இப்போது வைத்திருக்கும் வண்டியில் காய்ந்த ரோட்டிலும் சேற்றிலும் கைக்கு ஒரே கனம்தான்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். வளைவில் போகும்போது சாலை டயரின் மேல் கொடுக்கும் பக்கவாட்டு விசை, டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவில் விழுவதில்லை, சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் சக்கரம் நேராகத் திரும்பப் பார்க்கிறது. நம் கை உணரும் எதிர்ப்பில் பெரும்பங்கு அதுதான். பிடிமானம் அதன் எல்லையை நெருங்கும்போது அந்த விசை நடுப்பக்கம் நகர்கிறது. அதாவது வண்டி வழுக்கும் முன்பே கை லேசாகிவிடும். சாலை நமக்குக் கொடுக்கும் முன்னெச்சரிக்கை அது.

இப்போதைய வண்டிகளில் வரும் மின் மோட்டார் ஸ்டீயரிங்கில் நாம் திருப்பும்போது ஒரு சின்னக் கம்பி முறுகுகிறது, சென்சார் அதை அளக்கிறது, கம்ப்யூட்டர் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிறது. கீழிருந்து வரும் நுண்ணிய செய்திகளில் பலதை மோட்டாரின் கனமும் பற்சக்கர உராய்வும் விழுங்கிவிடுகின்றன. இது வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் உதவும் பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் பம்பை எஞ்சின் நேர் ரோட்டிலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மோட்டாருக்குத் திருப்பும்போது மட்டும் கரண்ட் போதும். மைலேஜ் கூடும். தானாகப் பார்க் செய்வதும் லேன் பிடித்து ஓடுவதும் மோட்டார் இருந்தால்தான் நடக்கும். சரி, திரும்பிப் போக முடியாது. ஆனால் அந்த முன்னெச்சரிக்கை எங்கே போனது? ஸ்போர்ட் மோட் போட்டால் ஸ்டீயரிங் இறுகுகிறதே தவிர, புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

வட்ட ஸ்டீயரிங்தான் என்றில்லை. ஹேண்டில், லிவர் எதை வைத்து ஓட்டியிருந்தாலும் எழுதுங்கள்.

மாசி வீதி:

நான் மதுரையில் ஆட்டோ ஓட்டிவிட்டு இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறேன் சார். ஆட்டோ ஹேண்டிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சுற்றுக் கணக்கே கிடையாது. ஹேண்டில் எவ்வளவு திரும்புகிறதோ சக்கரமும் அவ்வளவு. இருட்டில் நின்றாலும் முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். பின் சீட்டில் ஆள் நிறைந்து சாமானும் ஏறிவிட்டால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் இளகிவிடும், பாலம் ஏறும்போது இன்னும் இளகும். அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்போம்.

காருக்கு வந்தபோது கியர் மாற்ற இடது மணிக்கட்டு தானாக ஸ்டீயரிங்கை முறுக்கும். அது போய்விட்டது. நிறுத்தி எடுக்கும்போது சக்கரம் நேராக இருக்கிறதா என்று கொஞ்சம் உருட்டிப் பார்ப்பது மட்டும் இன்றைக்கும் போகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளமும் மணிக்கட்டில் வந்து இறங்கும், ராத்திரி சாப்பாடு பிசையக் கை வராது. காரில் அந்த வலி இல்லை.

தாமிரபரணி:

தம்பி, லேசான ஸ்டீயரிங்கைக் குறை சொல்லும் இடத்தில் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பெடலை மிதிக்காது. என் ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது கைப் பக்கம் ஒரு லிவர் வைத்திருக்கிறோம். முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யிலும் பதிந்தாயிற்று. வலது கை, ஸ்டீயரிங் வளையத்தில் பூட்டியிருக்கும் குமிழைப் பிடித்திருக்கும். அதாவது முழு ஸ்டீயரிங்கையும் ஒரே கையால் சுற்றுகிறேன். உங்கள் மாருதி 800-ஐ என்னால் தெருமுனையில்கூடத் திருப்பியிருக்க முடியாது. அந்த மோட்டார் வந்த பிறகுதான் நான் யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போகிறேன்.

உணர்வு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். லிவர் ஒரு கம்பி வழியாக நேரே பிரேக் பெடலைத் தள்ளுகிறது. மழையில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வேலை செய்யும்போது உங்களுக்குப் பாதத்தில் தெரியும் துடிப்பு எனக்கு உள்ளங்கையில் தெரியும். இன்னும் எவ்வளவு அழுத்தலாம் என்பதை விரல் கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

என்னை வதைப்பது தொடுதிரைதான். ஒரு கை குமிழில், ஒரு கை லிவரில். ஏசியைக் குறைக்கக்கூட ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. பழைய திருகு என்றால் ஒரு நொடியில் தடவிப் பிடித்துத் திருப்பிவிடலாம். திரையைத் தடவினால் ஒன்றும் தெரியாது, கண்ணைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இரண்டு கையும் சும்மா இருப்பவர்களுக்கும் அது ஆபத்துதானே? புது வண்டி வடிவமைப்பவர்கள் இதை ஏன் யோசிப்பதில்லை என்று உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்:

அந்த அம்மா சொல்வது சரி. பவர் ஸ்டீயரிங் இல்லாத பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவன் நான். ஸ்டீயரிங் அவ்வளவு பெரிதாக இருந்ததே நெம்பித் திருப்பத்தான். பஸ் ஸ்டாண்டில் வளைக்கும்போது சீட்டை விட்டு எழுந்துதான் இழுப்போம். தோள்பட்டை இன்றைக்கும் மழைக்காலத்தில் தூங்க விடாது. கனத்தை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம்.

ஸ்டுட்கார்ட் தமிழன்:

மதுரை அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் பென்ஸ் மியூசியம் நினைவுக்கு வந்தது. 1886-இல் வந்த கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டிக்கும் மூன்று சக்கரம்தான், முன்னால் ஒன்று. வட்ட ஸ்டீயரிங் கிடையாது, ஒரு கைப்பிடிதான். 1894-இல் பிரான்சில் நடந்த பாரிஸ்-ரூவான் கார் போட்டியில் வஷெரோன் என்பவர் தன் பன்ஹார் கம்பெனி வண்டியில் வட்டச் சக்கரம் பூட்டி ஓட்டினார், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் அதற்கே மாறினார்கள். மாற்றிப் பார்க்காமலும் இல்லை. ஸ்வீடனின் சாப் கார் கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் 9000 மாடலில் ஜாய்ஸ்டிக் வைத்துச் சோதித்தது. மெர்சிடிஸ் 1996-இல் எஃப் 200 என்ற மாதிரி வண்டியில் ஸ்டீயரிங்கையே எடுத்துவிட்டுப் பக்கத்துக்கு ஒரு குச்சி வைத்தது. இரண்டுமே விற்பனைக்கு வரவில்லை. வளைவில் உடம்பு சாயும்போது குச்சியைப் பிடித்த கையும் சேர்ந்து சாயும். வட்டம் என்றால் அதையே பிடிமானமாக வைத்துக்கொண்டு இம்மி இம்மியாகத் திருப்பலாம்.

டெஸ்லா 2021-இல் மாடல் எஸ்-இல் மேல் பாதி இல்லாத ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்து, 2023-இல் வட்டத்தையும் வாங்குபவர் விருப்பத்துக்குக் கொடுத்தது. யூ டர்னுக்குக் கை மாற்றிச் சுற்றியே ஆக வேண்டிய வண்டியில் மேல் பாதியை வெட்டினால், கை போகும் இடத்தில் வளையம் இருக்காது. லெக்சஸ் ஆர்இசட் என்ற மின்சாரக் காரில் வரும் வகை வேறு. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டு இல்லை, ஒயர் மட்டும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 டிகிரியோடு முழுத் திருப்பமும் முடிந்துவிடும்.

இந்த ஒயர் வகையில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பார்க்கிங்கில் கையை எடுக்காமலே முழுக்கத் திருப்ப முடிந்தது. நெடுஞ்சாலையில் அதே கையசைவுக்கு வண்டி மிகக் கொஞ்சமாகத்தான் திரும்பியது, வேகத்துக்கு ஏற்ப அதுவே மாற்றிக்கொள்கிறது. பழகியதும் பிடித்துப்போனது. ஆனால் கைக்கு வரும் ஒவ்வொரு அதிர்வும் இன்னொரு மோட்டார் செய்து கொடுப்பது. எது வர வேண்டும், எது வரக்கூடாது என்று ஒரு பொறியாளர் முடிவு செய்திருக்கிறார். பள்ளத்தின் அடியை வடிகட்டிவிட்டு, பிடிமானம் தளர்வதை மட்டும் அனுப்ப அவரால் முடியும். நான் ஓட்டியதில் இரண்டும் சேர்ந்தே போயிருந்தன.

ஆழியாறு ரோடு:

அக்கா, ஐயா, நீங்கள் சொன்ன பிறகு என் கேள்வியையே திருத்திக்கொள்கிறேன். கனம் வேறு, செய்தி வேறு. லேசாகவும் இருக்கலாம், சொல்லவும் செய்யலாம். ஸ்டுட்கார்ட் நண்பர் சொன்னபடி தேர்ந்தெடுத்து அனுப்ப முடியும் என்றால், கம்பெனிகளிடம் நாம் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்களுக்கு ஒன்று. ஷோரூமில் காட்டும் வழவழப்பான ரோட்டோடு திரும்பி வராதீர்கள். திட்டுத் திட்டாகப் பேட்ச் போட்ட ரோடாகப் பார்த்து 30, 40-இல் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு சக்கரம் மட்டும் பேட்ச் மேல் ஏறும்போது எந்தப் பக்கச் சக்கரம் என்று கைக்குத் தெரிகிறதா பாருங்கள். அப்புறம், அழகுக்காக அகலமான டயர் மாட்டும் முன் யோசியுங்கள், மிச்சமிருக்கும் உணர்வையும் அது மாற்றிவிடும்.

பட்டன் விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிச் சுவிட்ச் இருப்பதைப் பார்த்துத்தான் முழு மதிப்பெண் கொடுக்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா, நீங்கள் ஹாரனுக்கு என்ன செய்கிறீர்கள்?

தாமிரபரணி:

லிவரின் தலையிலேயே ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்திருக்கிறார் மெக்கானிக். கட்டை விரல் படும் இடத்தில், சற்று மேடாக. அதற்கு அடுத்ததாக வைப்பருக்கும் ஒன்று வைக்க முடியுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொன்னார், முடிந்ததும் படம் போடுகிறேன்.