பி பிளாக் குழு: பூங்காவில் பாப்கேட்

செக்ரட்டரி: பூங்காவில் மண் நிரவும் வேலை இன்றும் உண்டு. பாப்கேட் (மண் அள்ளி நிரவும் குட்டி வண்டி) எட்டரைக்கு வரும். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

லதா 2ஏ: அது மட்டும் போதுமா சார்? நேற்று என் பையன் நின்ற இடத்துக்கு ஒரு கை தூரத்தில் வண்டியின் பின்பக்கம் திரும்பியது. டிரைவர் பார்க்கவே இல்லை.

முருகன் 3சி: குட்டி வண்டிதானே? நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிறது.

நடராஜன் மாமா 1பி: அந்தச் சுற்றுதான் ஆபத்து தம்பி. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னே, மறுபக்கம் பின்னே ஓடித் திரும்புகிற வண்டி அது. டிரைவர் கண் முன்னால் மண் அள்ளும் பக்கெட்டில் இருக்கும், பின்னால் இன்ஜின் பக்கம் வீசிக்கொண்டு வரும்.

நடராஜன் மாமா 1பி: நேற்று டீ நேரத்தில் டிரைவரிடம் கேட்டு, சாவி இல்லாமல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் நாலடி தள்ளி 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வாட்ச்மேன் வைத்தார். கழுத்து வலித்ததுதான் மிச்சம், கேன் தெரியவில்லை. பின்கண்ணாடி முழுக்கக் காய்ந்த சேறு. பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கைகள் பக்கவாட்டையும் மறைக்கின்றன.

லதா 2ஏ: உட்கார்ந்து மண் அளைகிற பிள்ளையும் கேன் உயரம்தான் மாமா 😟

ரேவதி 4டி: ரிவர்ஸ் எடுத்தால் பீப் அடிக்குமே?

செக்ரட்டரி: முதல் நாள் அடித்தது. மதியம் தூங்க முடியவில்லை என்று இதே குழுவில் புகார் வந்தது. டிரைவர் வயரைக் கழற்றிவிட்டார்.

முருகன் 3சி: புகார் சொன்னது நான்தான் 🙈 மாட்டச் சொல்லுங்கள் சார்.

நடராஜன் மாமா 1பி: மாட்டட்டும். ஆனால் நாள் முழுக்கக் கேட்டால் காது பழகிவிடும். கண்ணாடியைத் துடைத்து, பின்னால் கேமரா வைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் டிரைவர் கண்ணில் படும்படி நின்று கை காட்ட வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

நடராஜன் மாமா 1பி: அப்புறம், டிரைவரிடம் பேசப் போகிறவர்கள் முன்பக்கமாகப் போங்கள். பக்கெட் தரையில் இறங்கி, அவர் மடிமேல் இருக்கும் கம்பியைத் தூக்கும்வரை கிட்டே போகாதீர்கள். கம்பியைத் தூக்கினால் இரும்புக் கைகள் அசையாமல் பூட்டிக்கொள்ளும்.

செக்ரட்டரி: கான்ட்ராக்டர் கேமரா நாளைக்குத்தான் என்கிறார். கை காட்ட நம் வாட்ச்மேனை நிறுத்தலாமா?

நடராஜன் மாமா 1பி: அப்போது கேட்டில் யார்? கான்ட்ராக்டரே ஆள் அனுப்பட்டும். அதுவரை வண்டி ஓட வேண்டாம்.

செக்ரட்டரி: சரி, சொல்லிவிடுகிறேன்.

லதா 2ஏ: மணல் குவியலுக்குப் பின்னால் சிவப்பு மூன்று சக்கர சைக்கிள் கிடக்கிறது. யாருடையது?

முருகன் 3சி: எங்களுடையது. இறங்கி வருகிறேன்.