வளையத்தில் கைரல் மையம்: மெந்தாலில் மூன்றாவது எங்கே?

காரைக்குடி மாணவி:
பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. சங்கிலிச் சேர்மம் என்றால் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பனைப் பார்த்து, இதுதான் கைரல் மையம் என்று சொல்லிவிடுவேன். வளையம் வந்தால் தடுமாறுகிறேன். மெந்தாலில் மூன்று கைரல் மையம் என்கிறது விடை. எனக்கு ஓஎச் உள்ள கார்பனும், ஐசோபுரோப்பைல் உள்ள கார்பனும்தான் கிடைக்கின்றன. மெத்தில் உள்ள கார்பனுக்கு இரு பக்கமும் சிஎச்2 தானே, அது எப்படிக் கைரல் ஆகும்?

கோட்டையூர் அப்பா:
பக்கத்து அணுவோடு நின்றுவிட்டாய் அம்மா, அவ்வளவுதான். என் மகள்கள் இருவரும் இதே இடத்தில்தான் சிக்கினார்கள். எங்கள் வீட்டு வளவில் ஆறு தூண்களை மெந்தால் வளையத்தின் ஆறு கார்பன்களாக வைத்துக்கொண்டோம். ஓஎச் இருக்கும் தூணில் ஒரு துண்டு, ஐசோபுரோப்பைலுக்கு அதன் அடுத்த தூணில் ஒரு மாலை. மெத்தில் தூணிலிருந்து பெரியவள் வலப்பக்கம், சின்னவள் இடப்பக்கம், ஒரே நேரத்தில் ஒவ்வொரு தூணாக நடந்தார்கள். முதல் தூண் இருவருக்கும் வெறுமை. இரண்டாவதில் பெரியவள் கையில் துண்டு பட்டது. சின்னவளுக்கு மறுபடியும் வெறுந்தூண். வேறுபாடு வந்துவிட்டதா? அப்போது அந்த இரு வழிகளும் இரண்டு வெவ்வேறு தொகுதிகள். அவற்றோடு மெத்தில், ஹைட்ரஜன். நான்கு ஆயிற்று, அது கைரல்.

இருவரும் எதிரே சந்திக்கும் வரை எல்லாம் ஒன்றாகவே இருந்தால் கைரல் இல்லை. மெத்தில்சைக்ளோஹெக்சேன் அப்படித்தான். 4-மெத்தில்சைக்ளோஹெக்சனோனும் அப்படியே. ஆனால் மெத்திலை 3-ஆம் இடத்துக்கு நகர்த்திப் பார், மூன்றாம் கார்பன் கைரல் ஆகிவிடும். இந்த இரண்டையும் கட்டாயம் வரைந்து பார்.

சிஎச்2-வையும் இரட்டைப் பிணைப்புக் கார்பனையும் முதலிலேயே அடித்துவிடு, பாதி வேலை குறையும். ஐசோபுரோப்பைலின் நடுக் கார்பனில் இரண்டு மெத்தில், அதுவும் போயிற்று.

தேவகோட்டை வேதியியல்:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மையம் இருப்பதால் மட்டும் மூலக்கூறு கைரல் ஆகிவிடாது. சிஸ்-1,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சேனில் இரண்டு மையம் உண்டு, ஆனால் அது மீசோ, அதாவது ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பம்; ஒளியைச் சுழற்றாது.

காரைக்குடி மாணவி:
நன்றி ஐயா. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனைப் போட்டுப் பார்த்தேன். ஐசோபுரோப்பினைல் உள்ள கார்பனிலிருந்து முதல் அடி இரு பக்கமும் சிஎச்2. இரண்டாம் அடியில் ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, மறுபக்கம் சிஎச்2. மற்ற கார்பன் எதுவும் தேறவில்லை. ஆக ஒரே ஒரு மையம், சரியா?

கோட்டையூர் அப்பா:
மிகச் சரி அம்மா. அடுத்து கேம்ஃபரை, அதாவது கற்பூரத்தைப் போடு, அங்கே வளையத்தின் குறுக்கே ஒரு கார்பன் பாலம் வரும். வரைந்துவிட்டுக் கேள்.