ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 6-வது வாரம்: இட்லி நெஞ்சில் நிற்கிறது, கஞ்சி மட்டும் இறங்குகிறது

கேள்வி – தஞ்சைத்தறி

அம்மாவுக்கு 52 வயது. ஸ்லீவ் முறையில் இரைப்பையைக் குறைத்து இது 6-வது வாரம். முட்டை சாப்பிடுவார், கறி மீன் கிடையாது. ஆஸ்பத்திரித் தாளில் "மென்மையான உணவு" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒரு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தால் நாலாவது வாயிலேயே நெஞ்சடைத்து, நுரை நுரையாக எச்சில் வாந்தி வருகிறது. ராகிக் கஞ்சி எவ்வளவு கொடுத்தாலும் இறங்கிவிடுகிறது, அதனால் நாள் முழுக்க அதுதான். தண்ணீர் 700 மில்லியைத் தாண்டவில்லை. இட்லி ஏன் நிற்கிறது? கஞ்சியே போதுமா? சோறு எப்போது கொடுக்கலாம்?

பதில் – அளவுக்கரண்டி

இட்லி மெத்தென்று இருப்பதால் சுலபமாக இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். விரிந்து கொடுக்கும் மேல்பகுதி போய்விட்டது, உள்வீக்கமும் இன்னும் முழுதாக வற்றியிருக்காது. இட்லி, பிரெட், சப்பாத்தி, குழைந்த சோறு எல்லாம் அரைகுறையாக மென்று விழுங்கினால் ஈரத்தில் ஒட்டி உருண்டையாகி வழியில் நிற்கும். நின்றதை வழுக்கிவிடத்தான் உடம்பு எச்சிலைச் சுரந்து தள்ளுகிறது. அந்த நுரை அதுதான்.

அப்போது தண்ணீர் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், வாந்தி அதிகமாகும். தட்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்காரவோ மெல்ல நடக்கவோ சொல்லுங்கள். அடங்கியபின் அன்று முழுக்கத் திரவம், மறுநாள் மசித்தது, அதற்குப் பிறகுதான் கெட்டி.

தண்ணீரே தங்கவில்லை என்றாலோ, வாந்தி ஒரு நாளைத் தாண்டினாலோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உடனே போங்கள். குழாய் சுருங்கியிருக்கலாம். தொடர் வாந்தியில் தயமின் என்கிற பி1 சில வாரத்திலேயே தீர்ந்துவிடும். நடை தள்ளாடுவது, பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வேறு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினால், ஸ்லீவ் செய்தவர் என்று சொல்லி, குளுக்கோஸுக்கு முன்பே தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் – பருப்புமத்து

சாம்பாரில் ஊறவைப்பதும் ஒரு பிரச்சினை. சாப்பாட்டோடு நீர் சேர்ந்தால் சீக்கிரம் நிறைந்து வாந்தி வரும், இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய் அடுத்த அரைமணியில் பசிக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே தண்ணீரை நிறுத்தி, முடிந்து அரைமணி கழித்துத் தொடங்குங்கள். ரசம், மோர் இரண்டையும் தண்ணீர்க் கணக்கில் வையுங்கள். இருமல் மருந்தின் 10 மில்லி மூடியால் 10 நிமிடத்துக்கு 3 மூடி என்றால் மணிக்கு 180 மில்லி. சாப்பாட்டு நேரம் போக 9 மணி நேரம் கிடைத்தாலே 1,600 மில்லி ஆகிவிடும்.

புரதம் நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். கறி மீன் இல்லாமல் அதை எட்டலாம்: குழைவாகப் பொரித்த முட்டை 2 (12 கிராம்), 30 கிராம் பாசிப்பருப்பை வேகவைத்து மத்தால் கடைந்தது (7), உதிர்த்த பனீர் 50 கிராம் (9), துணியில் கட்டி நீர் வடித்த தயிர் (6), 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடி 20 கிராம் கரைத்தது (13). மீதிக்கு ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர், டப்பாவில் எத்தனை கிராம் என்று பார்த்து. இதை 5 அல்லது 6 வேளையாகப் பிரியுங்கள். முதல் வாய் எப்போதும் பருப்போ முட்டையோ பனீரோதான். சோறு கடைசியில், இடமிருந்தால் 2 தேக்கரண்டி, அதுவும் சில வாரம் போகட்டும். டீஸ்பூனில் பாதி எடுத்து 20, 25 முறை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாய். 20 நிமிடத்தில் முடியாவிட்டாலும் தட்டை எடுத்துவிடலாம். விக்கல், மூக்கு ஒழுகுதல், நடுநெஞ்சில் அழுத்தம், இதில் எது வந்தாலும் நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்ட வேண்டாம்.

பதில் – சிறுகிண்ணம்

கஞ்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. 25 கிராம் ராகி மாவில் புரதம் 2 கிராம்கூட இல்லை. தங்காமல் வழுக்கிப்போவதால் எவ்வளவும் குடிக்கலாம், பசியும் அடங்காது, தசை கரையும், முடி கொட்டும். பின்னாளில் முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் செய்கிற வேலையும் இதேதான். வெல்லம் போட்டால் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் வரும். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனில் இது அதிகம், ஸ்லீவிலும் உண்டு. ஒரு வேளை மட்டும், பால்பொடி கலந்து கொடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் பழைய அளவிலேயே தொடர்கிறதா என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு அதே அளவு ஆபத்து.

தஞ்சைத்தறி

தண்ணீர் தங்குகிறது, கெட்டிக்கு மட்டும்தான் வாந்தி. சர்க்கரை இல்லை. இரும்பு மாத்திரையைக் காலையில் டீயோடு கால்சியமும் சேர்த்துக் கொடுக்கிறோம், சரிதானே? சுண்டல் எப்போது?

சிறுகிண்ணம்

சரியில்லை, மூன்றையும் பிரியுங்கள். கால்சியமும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரம் இருக்கட்டும். கால்சியம் சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். ஒரு தடவைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பி12 சீட்டில் இருக்கிறதா பாருங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது, புண் வரும்.

சுண்டல் 8 வாரம் கழித்து, தோல் நீக்கி மசித்து ஒரு தேக்கரண்டியில் ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு புதுப் பண்டம் மட்டும், அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். கீரைத்தண்டு, முருங்கைச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் இதெல்லாம் இன்னும் பல மாதம் தள்ளியே இருக்கட்டும்.