பொருள்: கரியோடைப் என்பதற்கு என்ன சொல்?

திருகோணமலையிலிருந்து:

அன்புடையீர்,

ஒருவரின் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) மொத்தமாக எப்படி இருக்கின்றன என்பதைச் சுட்டும் 'கரியோடைப்' (karyotype) என்பதற்குக் கோவை நண்பர் முன்வைத்த 'கருவகை' எங்கள் கரைக்குச் சரிவராது. இலங்கைப் பாடநூல்களில் கலத்தின் (செல்லின்) நடுவே இருப்பதற்குக் 'கரு' என்றே பெயர். ஆகவே இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது பெற்றோருக்கான கைந்நூல். பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் 'கருவகை இயல்பற்றது' என்று படித்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையைத்தான் நினைத்துப் பதறுவார். பரிசோதித்தது அவருடைய குருதியாகவே இருக்கலாம்.

'நிறமூர்த்த எண்ணிக்கை' என்பது அதைவிட மோசம். எண்ணிக்கை சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் 46 நிறமூர்த்தங்களும் இருக்கின்றன. 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டதுதான் கோளாறு. குறுகிப்போன 22ஆவதை 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். அது இடமாற்றம் என்று அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரோலி காட்டியது 1973இல். மறுபுறம், 14ஆவதும் 21ஆவதும் ஒட்டிக்கொண்டதால் 45 மட்டுமே உள்ளவர் நல்ல சுகத்தோடு நடமாடுவார். ஆனால் அவருடைய பிள்ளைக்கு டவுன் நிலை, அதாவது 21ஆவது கூடிப்போவதால் வரும் பிறவி நிலை, வர வாய்ப்புண்டு. எண்ணி முடித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இரண்டுமே சரியாக விளங்காது.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதற்கு ஆய்வுகூடத்து வேலையைப் பார்ப்பது நல்லது. குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) தாமாகப் பிரிவதில்லை. அவரையினப் பயறொன்றிலிருந்து எடுத்த பொருளால் அவற்றைத் தூண்டி, 37 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 72 மணித்தியாலம் வளர்ப்பார்கள். பிறகு கொல்ச்சிசின் அல்லது அதன் உறவுப் பொருளைச் சேர்த்தால் நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிர்நார்கள் உருவாகாமல், பிரிவு அதன் நடுக்கட்டமான அனுவவத்தையில் (மெட்டாபேஸ்) நின்றுவிடும். நிறமூர்த்தங்கள் மிகத் தடித்துத் தெரிவது அப்போதுதான். அடுத்து, செறிவு குறைந்த உப்புக் கரைசலில் கலங்கள் நீர் குடித்து ஊதும். மெதனோலும் அசற்றிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டின்மேல் துளி துளியாக விடுவார்கள். விழுந்த துளி பரவும்போது நிறமூர்த்தங்களும் விலகிக் கிடக்கும். அந்த உப்புநீர் உத்தி வருமுன் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குவியலைப் பார்த்துத்தான் மனிதருக்கு 48 என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956இல் சுவீடனின் லுண்டில் ஆய்வாளர்கள் ஜியோவும் லெவானும் 46 என்று திருத்தினார்கள்.

அந்தத் தகட்டை ட்ரிப்சின் என்ற நொதியில் சிறிது நேரம் வைத்துக் கீம்சாச் சாயம் ஏற்றினால் நிறமூர்த்தங்களில் கரும்பட்டியும் வெண்பட்டியும் மாறி மாறி வரும். கீம்சா என்றால் இங்குள்ள பழைய ஆய்வுகூடக்காரர்களுக்கு மலேரியாப் பூச்சுத்தான் நினைவுக்கு வரும்; அதே சாயம்தான். கொல்ச்சிசினும் அந்நியமில்லை. மாரி பிடித்தால் நிலாவெளிப் பக்கத்து வேலிகளில் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு அது. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்று வயலில் பயிரிடுகிறார்களே, அதே கொடி.

ஆக, இங்கே மூன்று பொருள்கள் கிடக்கின்றன. ஒருவரின் நிறமூர்த்தங்களுடைய எண், வடிவு, பட்டி எல்லாம் சேர்ந்த நிலை ஒன்று, அதுவே கரியோடைப். அவற்றைச் சோடி சேர்த்து அடுக்கிய ஒளிப்படம் இன்னொன்று. பட்டிகளைக் கோடிட்டுக் காட்டும் மாதிரி வரைபடம் மூன்றாவது. முறையே நிறமூர்த்த அமைவு, நிறமூர்த்த நிரற்படம், நிறமூர்த்த வரைகோலம் என்கிறேன். பரிசோதனைக்கு அமைவாய்வு. 'நிறமூர்த்தம்' பிடிக்காதவர்கள் 'குரோமோசோம் அமைவு' என்று எழுதட்டும். பின்சொல் ஒன்றாக இருந்தால் எனக்குப் போதும்.

கோவையிலிருந்து:

ஐயா, கருவகையை விட்டுவிடுகிறேன். ஆனால் 'அமைவு' தளர்வான சொல். ஒரு குரோமோசோமின் அமைப்பு என்று மாணவர்கள் மயங்குவார்கள். 'குரோமோசோம் தொகுதி' என்று இறுக்கமாகச் சொன்னால் என்ன?

திருகோணமலையிலிருந்து:

தொகுதியைக் கொடுக்க மனமில்லை. விந்துக்கு ஒரு தொகுதி, உடற்கலத்துக்கு இரண்டு தொகுதி என்று அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மூன்று தொகுதிகள் சேர்ந்துவிடும் மும்மடியத்தை விளக்கும் இடத்தில் 'தொகுதி'யின் இரண்டு பொருள்களும் மோதும்.

மயக்கம் பற்றிச் சொன்னது நியாயம். ஒற்றை நிறமூர்த்தத்துக்கு 'அமைப்பு', முழுவதுக்கும் 'அமைவு' என்ற வேறுபாடு வகுப்பில் நிற்காது. 'முழுவமைவு' என்று வைத்துக்கொள்வோமா? அறிக்கையில் வரும் '47, எக்ஸ்எக்ஸ், +21' என்ற வரியை அதைக்கொண்டு எழுதிப் பார்த்தேன்: 'நிறமூர்த்த முழுவமைவு: மொத்தம் 47, பெண், 21ஆவது ஒன்று மிகை.' தாய்மார் இருவரிடம் வாசிக்கக் கொடுத்தபோது இருவரும் கேட்டது 'மிகை என்றால் கூடவா?' என்பதுதான். முழுவமைவில் தடுக்கவில்லை. ஆகவே மிகையை எடுத்துவிட்டு 'ஒன்று கூடுதல்' என்று போட்டிருக்கிறேன்.

நிரற்படம், வரைகோலம் இரண்டுக்கும் மறுப்பு வரவில்லை என்பதால் அவற்றை அச்சுப்படியில் சேர்க்கிறேன். முழுவமைவுக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்; வெறும் ஆட்சேபம் வேண்டாம்.